கைக்கு அடியில் கை: வாசகர் கேள்வி பதில்

காதும் கண்ணும் சேர்ந்து பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்கு வகுப்பறையில் என்னென்ன வேண்டும் என்று போன இதழில் கேட்டிருந்தோம். நெல்லை, தென்காசி மாவட்டங்களில் இருந்துதான் அதிகக் கடிதங்கள் வந்தன. பதிலுக்குப் போகும் முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். பலரும் "ரெண்டும் இல்லாத பிள்ளை" என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குக் கொஞ்சம் பார்வையோ, கொஞ்சம் கேட்கும் திறனோ மிச்சம் இருக்கும். அது எவ்வளவு, எந்த வெளிச்சத்தில், எத்தனை அடி தூரத்தில் என்று தெரிந்துகொள்ளாமல் வாங்குகிற எந்தச் சாமானும் பள்ளிக்கூட பீரோவில்தான் கிடக்கும். நான் பார்த்த பீரோக்களில் அப்படி நிறையக் கிடக்கின்றன.

கேள்வி: எங்கள் தொடக்கப்பள்ளியில் மூன்றாம் வகுப்பில் ஒரு பையன் இருக்கிறான். காது கேட்காது, கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரியும். பிளாஸ்டிக் பழங்கள், மிருகங்கள், உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்து அட்டை எல்லாம் சொந்தக் காசில் வாங்கினேன். எதைக் கொடுத்தாலும் வாயில் வைக்கிறான், இல்லையென்றால் தூக்கி எறிகிறான். வேறு என்ன வாங்கலாம்?
– ஓர் ஆசிரியை, களக்காடு

பதில்: டீச்சர், இப்போதைக்கு ஒன்றுமே வாங்க வேண்டாம். அவன் வாயில் வைப்பதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அவனுக்கு உதடும் நாக்கும்கூட விரல் மாதிரித்தான். சாமானைக் கழுவிக் கொடுங்கள், விழுங்குகிற அளவில் எதையும் கொடுக்காதீர்கள், அது போதும்.

அந்தப் பிளாஸ்டிக் மாம்பழத்தையும் கொய்யாவையும் ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பாருங்கள். ஒரே வழவழப்பு, ஒரே எடை, இரண்டிலும் ஒரே பிளாஸ்டிக் வாசனை. மஞ்சளும் பச்சையும்தான் நமக்கு அவற்றைப் பிரித்துக் காட்டுகின்றன, அந்த நிறம் அவனுக்குக் கிடையாது. நம்ம அம்பாசமுத்திரம் சொப்புச் சாமானும் அப்படித்தான். கடைசல் மரத்தில் அரக்கு பூசிய குட்டி ஆட்டுக்கல்லை நம் பிள்ளைகள் பார்த்தவுடனே ஆட்டுக்கல் என்று தெரிந்துகொள்வார்கள், ஆனால் அவன் கைக்கு அது வழவழப்பான ஒரு மரத்துண்டு. அவன் வீட்டு ஆட்டுக்கல் என்றால் அதில் குளிர்ச்சி இருக்கும், கனம் இருக்கும், குழவியைச் சுற்றும்போது தோள்வரை ஒரு அதிர்வு வரும், விளிம்பில் மாவு ஒட்டியிருக்கும். சின்ன உருவம் பெரிய பொருளைக் குறிக்கும் என்பது கண்ணால் பார்த்துப் பார்த்து வந்த பழக்கம். அதை அவனுக்குப் பின்னால் கற்றுக்கொடுக்கலாம், தொடக்கம் அதுவாக இருக்கக் கூடாது. நிஜக் கொய்யாவைக் கொடுங்கள், முடிந்தால் மரத்தடியிலேயே.

அப்புறம், அவன் பள்ளிக்கூடத்தில் தினமும் செய்கிற நாலைந்து காரியங்களை எழுதிக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருளை முடிவு செய்யுங்கள். தண்ணீர் குடிக்க அவன் டம்ளர். வெளியே விளையாடப் போக, அவன் ஆடுகிற ஊஞ்சலில் இருக்கிற அதே கயிற்றில் ஒரு துண்டு. வீட்டுக்குப் போக அவனுடைய பை. சாப்பாட்டுக்குக் கரண்டியைக் கொடுக்கச் சொல்லி வெளிநாட்டுக் கையேடுகளில் பார்த்திருப்பீர்கள், கையால் பிசைந்து சாப்பிடுகிற பிள்ளைக்குக் கரண்டி ஒரு சேதியும் சொல்லாது, சத்துணவுத் தட்டையே கொடுங்கள். காரியம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் அந்தப் பொருளைத் தொடக் கொடுத்து, அதைக் கையில் வைத்துக்கொண்டே அவனோடு அந்த இடத்துக்கு நடந்து போங்கள். இன்றைக்கு டம்ளர், நாளைக்குப் பாட்டில் என்று மாற்றக் கூடாது. நீங்கள் லீவு போட்ட நாளில் வருகிற ஆசிரியரும் அதே பொருளைத்தான் கொடுக்க வேண்டும், அதற்காகவாவது எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

இந்தப் பொருள்களை அன்றைய வரிசைப்படி இடமிருந்து வலமாக அடுக்கிவைக்கச் சின்னச் சின்னப் பெட்டிகள் வேண்டும். செருப்புக்கடை அட்டைப்பெட்டி போதும். பனையோலைப் பெட்டி கிடைத்தால் ரொம்ப நல்லது, விளிம்பு கைக்கு நன்றாகத் தெரியும், கீழே விழுந்தாலும் உடையாது. கடைசியில் ஒரு பெரிய பெட்டி, அது 'முடிந்தது' பெட்டி. சாப்பிட்டு முடித்ததும் தட்டை அவனே அதில் போடட்டும். காலையில் வந்தவுடன் வரிசையைத் தடவிப் பார்த்தால் இன்றைக்கு என்னென்ன நடக்கும் என்று அவனுக்குத் தெரியும். நாளையும் நேரத்தையும் கையால் தொடக்கூடியதாக ஆக்குகிற இந்த முறைக்கு வழிகாட்டியவர் நெதர்லாந்தைச் சேர்ந்த யான் வான் டைக். கருவிலேயே ரூபெல்லா என்ற அம்மையால் பாதிக்கப்பட்டுப் பிறந்த பிள்ளைகளோடு பல ஆண்டுகள் இருந்து இதைக் கண்டார். யாரோ திடீரென்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறார்கள், எங்கே என்றே தெரியாது, இதுதான் இந்தப் பிள்ளைகளின் முக்கால்வாசி நாள். அவன் சாமானைத் தூக்கி எறிவதில் பாதி இந்தப் பயத்தால் வருவதாக இருக்கலாம். மீதி "எனக்குப் போதும்" என்று சொல்வதாக இருக்கலாம், அப்படியானால் அதைச் சொல்ல அவனுக்கு இப்போது ஒரு பெட்டி கிடைத்துவிட்டது.

கடைசியாக, உங்கள் கை. எதையாவது காட்ட வேண்டும் என்றால் அவன் கையை மேலே இருந்து அழுத்திப் பிடித்துப் பொருளின் மேல் வைக்காதீர்கள். பார்வையுள்ள பிள்ளையின் தலையை இரண்டு கையாலும் திருப்பி "இதைப் பார்" என்று பிடித்துவைப்பது மாதிரி அது. உங்கள் கையை அவன் கைக்கு அடியில் கொடுங்கள். அவன் விரல்கள் உங்கள் விரல்மேல் ஏறி நிற்கும். நீங்கள் பொருளைத் தொடும்போது உங்கள் விரல் என்ன செய்கிறது என்று அவனுக்குத் தெரியும், அவனுக்குத் தைரியம் வரும்போது அவனே நழுவிப் பொருளுக்கு வருவான். பயந்தால் கையை எடுத்துக்கொள்ளலாம், வழி திறந்திருக்கிறது. ஒன்றைக் காட்டிய பிறகு மனசுக்குள் மெதுவாகப் பத்து எண்ணுங்கள், அதற்குள் அடுத்ததைக் கொடுத்துவிடாதீர்கள். நாம் அவசரப்படுகிற அந்தப் பத்து எண்ணிக்கைக்குள்தான் பல பிள்ளைகள் பதில் சொல்கிறார்கள், ஒரு விரல் அசையும், மூச்சு மாறும், அல்லது சும்மா அசையாமல் கவனிப்பார்கள்.

எழுத்து அட்டையைப் பத்திரமாக எடுத்து வையுங்கள், தூரப் போட வேண்டாம். ஆனால் சுழியும் வளைவுமாக இருக்கிற நம் எழுத்தை விரலால் படிப்பது மகா கஷ்டம். லூயி பிரெய்லுக்கு முன்னால் பாரிஸில் பார்வையற்ற பிள்ளைகளுக்குப் புடைத்த எழுத்தில்தான் புத்தகம் இருந்தது. ஒரு வரி படிக்கவே நேரம் பிடித்தது, எழுதவோ வழியில்லை. அதனால்தான் 1824இல் அந்தப் பதினைந்து வயதுப் பையன் ஆறு புள்ளிக்குள் எழுத்தை அடக்கினான். உங்கள் மாணவன் பொருளில் இருந்து பொருளின் ஒரு துண்டு ஒட்டிய அட்டைக்கு வரட்டும், பிறகு வேறு வேறு சொரசொரப்புள்ள அடையாள அட்டைக்கு வரட்டும். பிரெய்ல் என்கிற அந்தப் புள்ளி எழுத்து அதற்கப்புறம்.

கேள்வி: நான் பீடி சுற்றுகிறேன். மகனுக்கு ஏழு வயசு, காதும் கேக்காது, கண்ணும் ரொம்பக் கம்மி. வாரத்துக்கு ஒரு நாள் சிறப்பாசிரியர் வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுக்கிறார். மத்த நாளில் நான் என்ன செய்யணும்? செலவு பண்ண வசதி இல்லை.
– ஒரு தாய், முக்கூடல்

பதில்: செலவே வேண்டாம் தாயி. முதலில் ஒரு எச்சரிக்கை. இப்படிப்பட்ட பிள்ளைகள் எதையும் வாயில் வைத்துப் பார்ப்பார்கள், நீங்கள் மடியில் முறம் வைத்துப் புகையிலைத் தூளோடு உட்கார்ந்திருப்பீர்கள். அவனைத் தொடுவதற்கு முன்னால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், அவன் சாமான்களை முறம் இருக்கிற அறையில் வைக்காதீர்கள்.

அவனுக்கு நீங்கள் ஒரு புத்தகம் செய்யலாம். எங்கேயாவது அவனைக் கூட்டிக்கொண்டு போகும்போது அவன் கை பட்ட பொருள்களில் இருந்து ஒவ்வொன்று கொண்டு வாருங்கள். ஆற்றுக்குக் குளிக்கப் போனீர்கள் என்றால், படித்துறையில் அவன் எடுத்த கூழாங்கல், சோப்பு சுற்றி வந்த தாள், துவட்டிய துண்டின் ஓரத்துணி. பக்கத்துக்கு ஒன்று, கெட்டி அட்டையில், நடந்த வரிசைப்படி நூலால் கட்டி வையுங்கள், கல்லை மட்டும் சின்னத் துணிப்பையில் போட்டுத் தைத்துவிடுங்கள். ராத்திரி அவனை மடியில் வைத்துக்கொண்டு, அவன் கைக்கு அடியில் உங்கள் கையைக் கொடுத்து, ஒவ்வொரு பக்கமாகத் தொட்டுப் பாருங்கள். அவன் வாழ்க்கையில் முதல் கதைப் புத்தகம் அதுதான், அதில் வருகிற ஆளும் அவனேதான். கடையில் வாங்குகிற தொட்டுப் பார்க்கும் புத்தகத்தில் முயல் ரோமமும் ஆட்டுக்குட்டியும் இருக்கும். அவன் தொட்டிராத முயலின் ரோமம் அவனுக்கு வெறும் பஞ்சு.

அவனோடு நீங்கள் ஏற்கெனவே பேசிக்கொண்டுதான் இருக்கிறீர்கள், அதுவும் உங்களுக்குத் தெரிய வேண்டும். தாடையைத் தட்டினால் சாப்பாடு, முதுகில் தடவினால் தூக்கம் என்று வீட்டில் ஏதாவது இருக்குமே? அதை எல்லாம் பெரிய பிள்ளை யாரிடமாவது சொல்லி ஒரு நோட்டில் எழுதச் சொல்லி சிறப்பாசிரியரிடம் கொடுங்கள். அவர் வேறு சைகை, நீங்கள் வேறு சைகை என்று இருந்தால் பிள்ளை குழம்பிப் போகும். அப்புறம், நீங்கள் வந்ததும் வளையலைத் தொடக் கொடுங்கள், அப்பா வந்தால் கைக்கடிகாரம், ஆச்சி வந்தால் காதுத் தண்டட்டி. யார் வந்திருக்கிறார்கள் என்று தெரியாமல் அவனை யாரும் தூக்கக் கூடாது.

கேள்வி: டீச்சர், நான் பிளஸ் ஒன் படிக்கிறேன். பிறந்ததில் இருந்தே காது கேட்காது, சைகைமொழியில்தான் படிக்கிறேன். இப்போது சாயங்காலம் ஆனால் படி தெரியவில்லை, பக்கத்தில் வருகிறவர்கள்மேல் இடித்துக்கொள்கிறேன். படிக்கக் கஷ்டமாக இருக்கிறது என்று சொன்னதும் ஆசிரியர் பாடத்தை எல்லாம் பெரிய தாளில் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தார். முன்னைவிடக் கஷ்டமாகிவிட்டது. ஏன்?
– ஒரு மாணவி, மேலப்பாளையம்

பதில்: நீ எழுதியிருப்பதைப் படித்ததும் எனக்குத் தோன்றிய முதல் விஷயம், உடனே விழித்திரைப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பதுதான். ஐகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்கோ, திருநெல்வேலி அரவிந்த் கண் மருத்துவமனைக்கோ அம்மாவோடு போ. கண்ணாடிக்கு எழுத்துப் பலகை வாசிக்க வைப்பதோடு திரும்பிவிடாதே, "பிறவியில் காது கேட்காது, இருட்டில் தெரியவில்லை, பக்கவாட்டில் தெரியவில்லை" என்று மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய்க் காட்டு, நேரே பார்க்கும்போது ஓரங்களில் எவ்வளவு தெரிகிறது என்று அளக்கிற பார்வைப்புலச் சோதனையும் செய்யச் சொல். அஷர் சிண்ட்ரோம் என்று ஒன்று உண்டு. அதில் பிறவியிலேயே காது பாதிக்கப்படும், சிறு வயதிலோ பதின்ம வயதிலோ விழித்திரை மெல்லப் பழுதாக ஆரம்பிக்கும், முதலில் இரவுப் பார்வை குறையும், பிறகு ஓரங்கள் சுருங்கிச் சுருங்கி நடுவில் மட்டும் தெரியும். உனக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை, டாக்டர்தான் சொல்ல வேண்டும். இது பரம்பரையாக வருவது, அப்பா அம்மா இரண்டு பேரிடம் இருந்தும் அந்த மரபணு வந்தால்தான் பிள்ளைக்கு வரும். சொந்தத்துக்குள் கல்யாணம் செய்கிற குடும்பங்களில் வாய்ப்பு கூடுதல். யாரும் செய்த பாவம் கிடையாது, வீட்டில் யாராவது அப்படிப் பேசினால் இந்தப் பத்தியைக் காட்டு.

இப்போது ஜெராக்ஸ் விஷயம். ஓரம் சுருங்கி நடுவில் மட்டும் தெரிகிற கண்ணுக்கு எழுத்தைப் பெரிதாக்கினால், ஒரு பார்வைக்குள் அடங்குகிற எழுத்து குறைந்துபோகும். 'திருநெல்வேலி' என்ற சொல்லில் 'திரு' மட்டும் தெரியும், மீதிக்குத் தலையைத் திருப்ப வேண்டும், வரி முடிந்து அடுத்த வரியின் தொடக்கத்தைக் கண்டுபிடிப்பதற்குள் முதல் வரி மறந்துவிடும். பெரிய எழுத்து நல்லது என்று நினைத்துத்தான் உன் ஆசிரியர் செய்திருக்கிறார், நடுப்பார்வை மங்கிய பிள்ளைகளுக்கு 18, 24 பாயின்ட் எழுத்து நிஜமாகவே உதவும், உனக்கு ஒத்துவரவில்லை. உனக்கு வேண்டியது தெளிவு. 14 பாயின்ட்டில் தொடங்கி நீயே ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்து அளவை முடிவு செய். தடித்த, ஒரே சீரான கோடுள்ள எழுத்து, வரிக்கு வரி நல்ல இடைவெளி, பத்திரிகைப் பத்தி மாதிரி குறுகலான வரி. பளபளக்கிற தாள் வேண்டவே வேண்டாம், வெளிச்சம் பட்டுக் கண் கூசும். வெளிர் மஞ்சள் தாளில் கறுப்பு எழுத்தும் சிலருக்குச் சுகமாக இருக்கும். தாளைச் சாய்த்து வைக்க ஒரு மரச் சட்டம், உனக்குப் பின்பக்கத்தில் இருந்து தாளில் விழுகிற விளக்கு வெளிச்சம், இது இரண்டும் பெரிய உதவி.

ஆசிரியர்களிடம் இதையும் சொல். ஜன்னலுக்கு முன்னால் நின்று சைகை செய்தால் அவர்கள் முகமும் கையும் உனக்கு இருட்டாகத் தெரியும், எதிர்ச்சுவர்ப் பக்கம் நிற்க வேண்டும். நாலைந்து அடி தள்ளி நின்று, கையை வீசாமல் முகத்துக்கும் நெஞ்சுக்கும் நடுவே சின்னதாகச் சைகை செய்ய வேண்டும். பூப்போட்ட சேலை, கட்டம் போட்ட சட்டை வேண்டாம், கையின் நிறம் எடுத்துத் தெரிகிற மாதிரி ஒரே நிறத்தில் உடுத்தினால் போதும். வெளிச்சம் போதாத இடத்தில் அவர்கள் கைமேல் உன் கையை வைத்துத் தொட்டே சைகையைப் படிக்கலாம், தோழிகளோடு இப்போதே பழகிக்கொள்.

பிரெய்ல் கற்றுக்கொள்ள ஆரம்பித்துவிடு. கண் தெரியும்போது எதற்கு என்று சொல்வார்கள். கண் தெரியும்போது கற்றால் புள்ளிகளைப் பார்த்தும் பழகலாம், தொட்டும் பழகலாம், தேர்வு நெருக்கடியில் முதன்முதலாகத் தொடத் தொடங்குகிறவர்கள் படுகிற பாடு உனக்கு வேண்டாம்.

கேள்வி: எங்கள் பள்ளியில் ஸ்மார்ட் வகுப்பறை இருக்கிறது, பாடத்தின் வீடியோ, ஆடியோ எல்லாம் இருக்கிறது. அது போதாதா?
– ஒரு தலைமையாசிரியர், ஆலங்குளம்

பதில்: போதாது சார். பார்வையற்றவருக்கு ஒலி, காது கேளாதவருக்குப் படம் என்று நாம் இரண்டு வழி வைத்திருக்கிறோம். இந்தப் பிள்ளைக்கு இரண்டும் வந்து சேராது. வீடியோவில் பேசுவது முழுதும் எழுத்தாக வேண்டும், படத்தில் நடப்பதும் எழுத்தாக வேண்டும், அந்த எழுத்து பிரெய்லாகவோ அவனுக்கேற்ற அச்சாகவோ ஆக வேண்டும். மேல்வகுப்பு மாணவர் என்றால், புள்ளிகள் மேலெழும்பி மாறிக்கொண்டே இருக்கிற பிரெய்ல் திரை ஒன்று கிடைக்கச் செய்யுங்கள். 20 கட்டங்கள் உள்ள ஆர்பிட் ரீடர் 20 அதில் ஓரளவு விலை குறைந்தது. ஸ்மார்ட்போனோடு இணைத்தால் வாட்ஸ்அப் செய்திகூட விரலுக்கு வந்துவிடும். கொஞ்சம் காது கேட்கிற பிள்ளையாக இருந்தால் மின்விசிறி இரைச்சலையும் வராண்டாச் சத்தத்தையும் முதலில் கவனியுங்கள், ஹியரிங் எய்டு அதையும் சேர்த்துத்தான் பெரிதாக்கிக் கொடுக்கும்.

கேள்வி: டிடிபி கடை வைத்திருக்கிறேன். அக்கம்பக்கத்தில் ஒரு மாணவனுக்காகப் பாடப் பகுதிகளைப் பிரெய்லாக மாற்றலாம் என்று இறங்கினேன். மென்பொருளில் போட்டால் அர்த்தமில்லாத புள்ளிகள் வருகின்றன. அனுமதி இல்லாமல் இப்படி மாற்றுவது சட்டப்படி சரியா என்றும் சொல்லுங்கள்.
– சங்கரன்கோவில் வாசகர்

பதில்: சட்டத்தை முதலில் முடித்துவிடுவோம். 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தில் செய்த திருத்தத்தின்படி, மாற்றுத்திறனாளிகள் படிப்பதற்காக ஒரு நூலை அவர்களுக்கு ஏற்ற வடிவத்துக்கு மாற்ற உரிமையாளரிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை, லாபத்துக்காகச் செய்யக் கூடாது. இதையே உலக அளவில் சொல்கிற மராக்கேஷ் உடன்படிக்கையை 2014இல் முதலில் ஏற்று உறுதிசெய்த நாடு இந்தியாதான். தாராளமாகச் செய்யுங்கள் அண்ணாச்சி.

உங்கள் சிக்கல் அநேகமாக எழுத்துருவில் இருக்கும். பாமினி, வானவில் மாதிரி பழைய எழுத்துருவில் அடித்த கோப்பில் இருப்பது உண்மையில் ஆங்கில எழுத்துக் குறிகள், திரையில் மட்டும் தமிழாகத் தெரியும். பிரெய்ல் மென்பொருள் அந்தக் குறிகளைப் புள்ளியாக்கும்போது குப்பைதான் வரும். முதலில் எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறிமுறையான யூனிகோடுக்கு மாற்றுங்கள், மாற்றிய பிறகு கொம்பு, கால் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று ஒரு தடவை முழுக்கப் படியுங்கள். 'கொ' என்று பழைய எழுத்துருவில் அடிக்கும்போது கொம்பு முதலில், அப்புறம் க, அப்புறம் கால் என்றுதான் அடித்திருப்பீர்கள். யூனிகோடில் க முதலில் இருக்க வேண்டும், பிரெய்லிலும் க-வுக்கு அப்புறம்தான் உயிர்க்குறி வரும். நம் தமிழ் பிரெய்ல், 1951இல் இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக ஏற்ற பாரதி பிரெய்லைப் பின்பற்றுவது. அ-வுக்கு ஒன்றாம் புள்ளி, க-வுக்கு ஒன்றும் மூன்றும். லிப்லூயி என்ற இலவச மென்பொருளில் தமிழ் உண்டு. அச்சில் ஒரு பக்கம் பிரெய்லில் இரண்டு மூன்று பக்கமாக நீளும், அதையும் தாளுக்குக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அச்சடித்ததைப் பிரெய்ல் படிக்கிற ஒருவர் விரலால் படித்துச் சரிபார்க்காமல் பிள்ளையிடம் கொடுக்கவே கூடாது. பாளையங்கோட்டையில் அப்படிப்பட்டவர்களுக்குப் பஞ்சமில்லை.

படங்கள்தான் உங்கள் நேரத்தைத் தின்னும். புவியியலில் தாமிரபரணி படம் வருகிறது என்று வையுங்கள். அச்சில் இருக்கிற எல்லாக் கோட்டையும் அப்படியே புடைக்க வைத்தால் விரலுக்கு அது ஒரு புழுக்கூட்டம். என்ன கற்றுக்கொடுக்கப் போகிறோம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பொதிகை மலையில் பிறந்து புன்னைக்காயல் பக்கம் கடலில் சேருகிறது என்பதுதான் பாடம் என்றால், மேற்கே உப்புத்தாளில் மலை, கிழக்கே வழவழப்பான தாளில் கடல், நடுவே ஒரு கெட்டி நூல், அது போதும். அணைக்கட்டுகளுக்கு இரண்டாவது தாள், மாவட்ட எல்லைக்கு மூன்றாவது தாள். கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே விரல் நுழைய இடம் விடுங்கள், ஒரு தாளில் நாலைந்து விதமான சொரசொரப்புக்கு மேல் வைக்காதீர்கள், என்னென்ன எதைக் குறிக்கும் என்று தனித்தாளில் பிரெய்லில் எழுதிவிடுங்கள். அவசரத்துக்கு வரைய ஜெர்மன் ஃபிலிம் உண்டு. ரப்பர் பலகைமேல் அந்தத் தாளை வைத்துப் பேனாவால் அழுத்தி வரைந்தால் கோடு அப்படியே புடைத்துக்கொண்டு வரும். பருப்பு, மிளகு, அரிசி என்று ஒட்டுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், ஒரே மாதத்தில் எறும்பும் எலியும் பாடத்தைச் சாப்பிட்டுவிடும், பட்டன், நூல், மணி என்று ஒட்டுங்கள்.

கேள்வி: என் மகளைப் பாளையங்கோட்டையில் காது கேளாதோர் பள்ளியில் சேர்க்கவா, பார்வையற்றோர் பள்ளியில் சேர்க்கவா? ஒரு பள்ளியில் கேட்டால் "கண் தெரியாது, எங்களால் முடியாது" என்கிறார்கள், இன்னொன்றில் "காது கேட்காது" என்கிறார்கள்.
– ஒரு தந்தை, பாவூர்சத்திரம்

பதில்: உங்கள் கடிதம்தான் என்னை ரொம்ப நேரம் யோசிக்க வைத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலேயே பார்வையற்ற பிள்ளைகளுக்கு ஒன்று, காது கேளாத பிள்ளைகளுக்கு ஒன்று என்று இரண்டு பள்ளிகளைக் கண்ட ஊர் பாளையங்கோட்டை. அந்த ஊருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டே இரண்டுக்கும் நடுவில் ஒரு பிள்ளை நிற்கிறது என்றால் அது நம் எல்லாருக்கும் வருத்தம் தர வேண்டிய விஷயம்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது, பார்வையும் செவியும் சேர்ந்து பாதிக்கப்பட்ட நிலையை அதில் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறார்கள். 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது இல்லை. 16ஆம் பிரிவு, பார்வை இல்லாதவர், காது கேளாதவர், இரண்டும் உள்ளவர் ஆகியோருக்கு அவர்களுக்குப் பொருத்தமான மொழியிலும் முறையிலும் கல்வி கொடுக்க வேண்டும் என்கிறது. 17ஆம் பிரிவின்படி 40 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்பு உள்ள பிள்ளைக்கு 18 வயது வரை புத்தகம், கற்றல் சாமான், உதவிக் கருவி எல்லாம் இலவசமாகக் கிடைக்க வேண்டும். 31ஆம் பிரிவில், 6 முதல் 18 வயது வரை பக்கத்துப் பள்ளியிலோ நீங்கள் விரும்புகிற சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்க உரிமை இருக்கிறது. "முடியாது" என்று வாயால் சொல்கிறவர்களிடம் அதை எழுத்தில் கேளுங்கள், மரியாதையாகவே கேளுங்கள்.

சான்றிதழை எடுத்துப் பாருங்கள். காது என்று மட்டும் பதிந்திருந்தால், அல்லது கண் என்று மட்டும் பதிந்திருந்தால், இரண்டையும் சேர்த்து மறுமதிப்பீடு செய்யச் சொல்லி மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனு கொடுங்கள். ஒரு குறையை மட்டும் பார்த்துக் கொடுக்கிற சாமான் உங்கள் மகளுக்கு உதவாது, பார்வையற்றோர் கணக்கில் வைத்தால் ஒலிப்புத்தகம் வரும், அதை வைத்து அவள் என்ன செய்வாள்? வட்டார வளமையத்தில் சிறப்பாசிரியரைப் பாருங்கள். சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்டத்தில் சிறப்புத் தேவையுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆண்டுக்கு 3,500 ரூபாய் வரை ஒதுக்க வழியிருக்கிறது, பெண் பிள்ளைகளுக்கு மாதம் 200 ரூபாய் வீதம் பத்து மாத உதவித்தொகையும் உண்டு. சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுகளுக்கென்றே மத்திய அரசின் தேசிய நிறுவனம் இருக்கிறது, ஒரு தடவை அங்கே கூட்டிக்கொண்டு போய் முழு மதிப்பீடு செய்து அறிக்கை வாங்கி வந்தால், உள்ளூரில் யாரிடம் பேசினாலும் அந்த அறிக்கை உங்களுக்காகப் பேசும்.

இரண்டு பள்ளியில் எது என்று கேட்டீர்கள். நான் கட்டடத்தைப் பார்த்துச் சொல்ல மாட்டேன். உங்கள் மகளோடு உட்கார்ந்து, அவள் கையில் சைகை செய்து, நடப்பதை எல்லாம் அவளுக்குச் சொல்லிக்கொண்டே இருக்க எந்தப் பள்ளியில் ஒரு ஆள் கிடைக்கும் என்று பாருங்கள். அந்த ஆள் இல்லாத பள்ளியில் எவ்வளவு சாமான் இருந்தாலும் அவள் தனியாகத்தான் இருப்பாள்.

கேள்வி: தேர்வுக்கு என்ன சலுகை?
– பெயர் குறிப்பிடாத வாசகர், வள்ளியூர்

பதில்: கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழிப்பாட விலக்கு மூன்றையும் மேலே சொன்ன 17ஆம் பிரிவே சொல்கிறது. கடைசி மாதம் வரை காத்திருக்காமல் பள்ளி தொடங்கியதுமே தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பியுங்கள். எழுதுபவர் கேள்வியை வாயால் வாசித்தால் இந்தப் பிள்ளைக்குக் கேட்காது, ஆகவே பிரெய்ல் வினாத்தாளோ கையில் சைகை செய்யத் தெரிந்தவரோ வேண்டும் என்பதை விண்ணப்பத்திலேயே தனியாக எழுதுங்கள்.

கேள்வி: பேரனுக்குக் கண்ணும் இல்ல, காதும் இல்ல. படிக்க வச்சு என்ன ஆவப்போவுதுன்னு சொந்தக்காரங்க கேக்காவ. நான் என்ன பதில் சொல்லட்டும்?
– ஓர் ஆச்சி, திசையன்விளை (பேத்தி எழுதியது)

பதில்: ஆச்சி, ஹெலன் கெல்லர் 1904இல் பட்டம் வாங்கினார், காதும் கண்ணும் இல்லாமல் பி.ஏ. முடித்த முதல் ஆள் அவர். 1955இல் நம் நாட்டுக்கும் வந்துபோனார். அவரைப் போலவே காதும் கண்ணும் பாதிக்கப்பட்ட ஹாபென் கிர்மா என்ற பெண் 2013இல் ஹார்வர்டில் சட்டம் முடித்தார். சொந்தக்காரர்களுக்கு இதைச் சொல்லுங்கள். ஆனால் உங்கள் பேரன் பட்டம் வாங்கினால்தான் அவன் படிப்புக்கு மதிப்பு என்று நான் நினைக்கவில்லை. தாகம் என்று டம்ளரை எடுத்து உங்களிடம் நீட்டத் தெரிந்தால், நாளைக்குக் கோவில் கொடை, எல்லாரும் வருவார்கள் என்று அவனுக்கு முன்கூட்டியே தெரிந்தால், அவன் நாள் அவன் கைக்கு வந்துவிட்டது. அதற்காகத்தான் ஆச்சி பள்ளிக்கூடம்.

கேள்வி: எங்கள் பள்ளியில் வரும் ஜூனில் இப்படி ஒரு மாணவி சேரப்போகிறாள். கட்டடத்தில் என்ன மாற்ற வேண்டும்?
– ஓர் ஆசிரியர், ராதாபுரம்

பதில்: பெரிய கட்டட வேலை இல்லாமலே நிறையச் செய்யலாம். அவள் வகுப்பு வாசலில் ஒரு தேங்காய்நார் மிதியடி, கழிப்பறை வாசலில் வேறு விதமாக ஒரு ரப்பர் மிதியடி, காலுக்கே இடம் தெரிந்துவிடும். கதவுக்குப் பக்கத்துச் சுவரில், அவள் கை தொடுகிற உயரத்தில், அந்த இடத்துக்கான பொருளை மாட்டுங்கள். தண்ணீர்த் தொட்டிக்கு டம்ளர் என்று வகுப்பில் வைத்திருந்தால் தொட்டிச் சுவரிலும் அதே மாதிரி டம்ளர்தான் இருக்க வேண்டும். தூண்களுக்கும் படி விளிம்புக்கும் பளிச்சென்ற மஞ்சள் பெயின்ட் அடியுங்கள், அவளுக்குக் கொஞ்சம் பார்வை இருந்தால் உதவும். பெஞ்சை இடம் மாற்றினால் அவளைக் கூட்டிக்கொண்டு போய்ப் புது இடத்தைக் காட்டிவிட்டுத்தான் பாடத்தை ஆரம்பிக்க வேண்டும்.

மற்றப் பிள்ளைகளிடம் ஜூன் முதல் வாரத்திலேயே பேசுங்கள். பின்னால் இருந்து தொடக் கூடாது, முதலில் தோளில் லேசாகக் கை வைத்து, அப்புறம் அவரவர் அடையாளத்தைத் தொடக் கொடுக்க வேண்டும், ஒருத்திக்கு ரிப்பன், ஒருத்தனுக்குக் கையில் கட்டிய கயிறு. பேசி முடித்துப் போகும்போது "போகிறேன்" என்று கையில் சொல்லிவிட்டுப் போக வேண்டும், இல்லையென்றால் அவள் வெற்றிடத்தோடு பேசிக்கொண்டிருப்பாள். உள்ளங்கையில் விரலால் எழுத்து எழுதவும், விரல்களை மடக்கி நீட்டிக் காட்டுகிற விரல் எழுத்துகளையும் வகுப்பு முழுவதற்கும் சொல்லிக்கொடுங்கள், நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள். உங்களைவிடப் பிள்ளைகள் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள், அவர்களில் யாரிடம் அவள் கை அதிகமாகப் போகிறது என்று பார்த்து, அந்தப் பிள்ளையின் பக்கத்தில் அவளை உட்கார வையுங்கள்.